பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ்: எடைக்குப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்

குடியாத்தத்தில் என் அக்கா வீட்டு ஹாலில் ஒரு டெஸ்க்டாப் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. 2010-ல் வாங்கியது. இன்டெல் கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. ஆன் செய்தால் திரை வரவே ஆறேழு நிமிடம் ஆகும். பிரவுசரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். பழைய சாமான் வாங்குகிறவர் மானிட்டரோடு சேர்த்து 700 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகளுக்கோ வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் தேவை. மாமா ஒரு கடையில் லேப்டாப் விலை கேட்டுவிட்டு வந்து, 38,000 ரூபாய்க்கு எங்கே போவது என்று உட்கார்ந்திருந்தார்.

இப்போது அதே பெட்டியில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், மின்ட் அதில் ஒரு வகை. ஆன் செய்து முக்கால் நிமிடத்தில் வேலையைத் தொடங்கலாம். செலவு மொத்தம் 2,960 ரூபாய். ஆனால் இதைச் செய்து முடிக்க எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். ஒரு கேபிளை மறந்துவிட்டுப் போனால் அந்த வாரம் போச்சு, அடுத்த ஞாயிறுதான் மறுபடி பஸ். லினக்ஸ் நிறுவுவது அரை மணி நேர வேலைதான். என்னை அலைக்கழித்ததெல்லாம் அதற்கு முன்னால் செய்யாமல் விட்ட சின்னச் சின்ன ஏற்பாடுகள். அவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். இதே வரிசையில் செய்தால் உங்களுக்கு ஒரு சனியும் ஒரு ஞாயிறும் போதும்.

1. உங்கள் வேலைக்கு லினக்ஸ் ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள்

பிரவுசரில் நடக்கிற எல்லா வேலையும் லினக்ஸில் நடக்கும். பேங்க், ரயில் டிக்கெட், தேர்வு விண்ணப்பம், ஜிஎஸ்டி தளம், யூடியூப் பாடம், எதுவும் பாதிக்காது. கடிதம், கணக்கு, ஸ்லைடு எல்லாவற்றுக்கும் லிபர் ஆபீஸ் கூடவே வருகிறது, பழைய வேர்டு, எக்செல் ஃபைல்களையும் அது திறக்கும்.

ஒத்துவராத இடங்களும் உண்டு. கடைக் கணக்கை டேலியில் போடுகிறீர்கள் என்றால் விண்டோஸை விட வேண்டாம். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. கைரேகை மெஷின் வைத்து ஆதார் சேவை செய்கிறவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகித் தினமும் டெண்டர் போடுகிறவர்கள், போட்டோஷாப்பில் ஆல்பம் செய்கிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு மெஷினை அப்படியே வைத்துக்கொண்டு வேறு பெட்டியில் லினக்ஸ் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது பிரின்டர். நம் ஊரில் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் அதிகம் பார்க்கிற கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் மிகவும் படுத்தும். கேனான் கொடுத்த டிரைவர் பழையது, புது லினக்ஸ் பதிப்புகளில் பல மணி நேரம் போராடினால்தான் ஓடும், சில நேரம் ஓடவே ஓடாது. எச்பி லேசர் 1020, எம்1005 ஆகியவை ஓடும். ஆனால் முதல் முறை இன்டர்நெட் வழியாக ஒரு கூடுதல் ப்ளக்-இன் இறக்கிக்கொள்ள வேண்டும். எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் மெஷின்கள் பெரும்பாலும் தொந்தரவு தராது. உங்கள் பிரின்டரின் மாடல் எண்ணை இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், படி 7-ல் தேவைப்படும்.

விண்டோஸிலேயே இருந்துவிடலாமே என்றால், விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இந்தப் பெட்டிகளில் இல்லை. பேங்க் வேலை செய்கிற கம்ப்யூட்டரை அப்டேட் இல்லாமல் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2. பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. நானும் முதல் ஞாயிறு இதைச் செய்யாமல்தான் தொடங்கினேன். பாதியில் தானாக ஆஃப் ஆகி ஆஃப் ஆகி, மெஷினே போய்விட்டது என்று நினைத்துவிட்டேன்.

பவர் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி, மிச்சமிருக்கும் கரன்ட்டை வெளியேற்றுங்கள். பெட்டியை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ எடுத்துப் போய் இடது பக்கத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே தெரியும். அக்கா வீட்டுப் பெட்டியில் ப்ராசசர் ஃபேனுக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரிப் படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் முழுசாகக் கையோடு வந்தது. பெட்டிக்குக் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள். வேலூர் வெயிலில், அதுவும் கத்திரி நாட்களில், இந்தத் தூசியோடு ஓடினால் ப்ராசசர் கொதித்து மெஷின் தானாக நிற்கத்தான் செய்யும்.

பெயின்ட் பிரஷ் ஒன்று போதும். ப்ளோயர் அடித்தால் ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், அது தாறுமாறாகச் சுற்றக் கூடாது. ஈரத் துணி வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கேபிளைக் கழற்றின பிறகும் அதன் உள்ளே ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

ரேம் குச்சியை இருபுறக் கிளிப்பையும் நீக்கி வெளியே எடுத்து, அடியில் இருக்கும் மஞ்சள் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி பொருத்துங்கள். கிளிப் இரண்டும் டக்கென்று தானாக மூட வேண்டும். திரை வராமல் பீப் பீப் என்று கத்துகிற பெட்டிகளில் பல இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடும்.

மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பட்டன் செல் இருக்கும், அதன் எண் சிஆர் 2032. பத்து வருடப் பெட்டி என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், 40 ரூபாய்தான். இந்த செல் செத்திருந்தால் ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் தளம் பாதுகாப்பில்லை என்று மிரட்டும், லினக்ஸ் அப்டேட்டும் மறுத்துவிடும். காரணம் தெரியாமல் நெட் கனெக்‌ஷனைக் குறை சொல்லிக்கொண்டு நான் ஒரு மாலை முழுக்க வீணடித்தேன்.

ஃபேனைக் கழற்றினால் ப்ராசசரின் மேல் சூட்டைக் கடத்தப் பூசிய பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருக்கும். துடைத்துவிட்டு, துவரம் பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் வழியும். கழற்றப் பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள், தூசி போனாலே பாதிப் பிரச்சினை தீரும்.

3. பெட்டியின் ஜாதகத்தை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டில் எழுத வேண்டியவை: ப்ராசசர் பெயர், மதர்போர்டு மாடல், ரேம் எவ்வளவு, எந்த வகை, எத்தனை ஸ்லாட். மதர்போர்டு மாடல் போர்டின் மீதே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ரேமின் ஸ்டிக்கரில் டிடிஆர்2 அல்லது டிடிஆர்3 என்று இருக்கும். ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் ஏறாது, வெட்டு இடம் மாறியிருக்கும்.

அடுத்து, ப்ராசசர் 64 பிட்டா, பழைய 32 பிட் வகையா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 32 பிட் என்று காட்டினாலும் ப்ராசசர் 64 பிட்டாக இருக்கலாம், இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டெஸ்க்டாப் கோர் 2 டியோவும் ஐ3, ஐ5 எல்லாமும் 64 பிட்தான். பென்டியம் 4-ல் இரண்டும் உண்டு. விண்டோஸ் 7-ல் கன்ட்ரோல் பேனல் போய் பெர்ஃபாமன்ஸ் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் விவரத்தைத் திறந்தால், 64 பிட் முடியுமா என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் இருக்கும்.

இதை வைத்து எந்த லினக்ஸ் என்று முடிவு செய்யலாம். 64 பிட்டும் 4 ஜிபி ரேமும் இருந்தால் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. சின்னமன் பதிப்பு பார்க்க அழகாக இருக்கும், பழைய பெட்டிக்குக் கனம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ரேம் 2 ஜிபிதான், ஏற்றவும் முடியாது என்றால் லுபுன்டு அல்லது ஆன்டிஎக்ஸ் போடுங்கள். 32 பிட் பெட்டி என்றால் ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்போ டெபியன் 12-ஓ எடுங்கள், டெபியன் 13-ல் 32 பிட் நிறுவல் கிடையாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டுவிட்டது, மற்ற பிரவுசர்களும் அதே வழியில் போகின்றன. 32 பிட் பெட்டியைத் தமிழ் டைப் அடிக்க, பாட்டுக் கேட்க, குழந்தைகள் பழக என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

4. வாங்க வேண்டியவை, ஆன செலவு

எனக்கு ஆன கணக்கு இது. 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) 1,750. பழைய 4 ஜிபி டிடிஆர்3 ரேம் 600. 16 ஜிபி பென்டிரைவ் 400. தெர்மல் பேஸ்ட் 100. டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் 70. பட்டன் செல் 40. ரேம், எஸ்எஸ்டி விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் எஸ்எஸ்டியை மட்டும் வாங்குங்கள். பழைய பெட்டி மெதுவாக இருப்பதற்கு ஹார்ட் டிஸ்க்தான் பெரிய காரணம். லினக்ஸ் போட்டும் மெதுவாகத்தான் இருக்கிறது என்று சொல்கிறவர்களைக் கேட்டால், பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்கிலேயே போட்டிருப்பார்கள். லினக்ஸுக்கு 20 ஜிபி இடமே போதும், அதனால் 120 ஜிபி எஸ்எஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் சரி. எஸ்எஸ்டி வாங்கும்போது சாட்டா கேபிள் சேர்ந்து வராது. பெட்டிக்குள் ஒன்றுதான் இருக்கும், அது ஹார்ட் டிஸ்கோடு இணைந்திருக்கும். நான் மூன்றாவது ஞாயிறு 70 ரூபாய் கேபிள் இல்லாமல் குடியாத்தம் போய் நின்றேன். எஸ்எம்பிஎஸ்ஸில் சும்மா தொங்கும் சாட்டா பவர் முனை இருக்கிறதா என்றும் படி 2-லேயே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிவிடி டிரைவின் முனையைக் கழற்றி எஸ்எஸ்டிக்குக் கொடுக்கலாம்.

ரேமில் ஒரு பொறி இருக்கிறது. கோர் 2 காலத்து ஜி41 சிப்செட் போர்டுகளில் 4 ஜிபி குச்சி போடுவதென்றால் பக்கத்துக்கு எட்டாக மொத்தம் 16 சில்லு இருக்கும் குச்சிதான் ஓடும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சில்லு இருக்கும் புது வகைக் குச்சியைப் போட்டால் திரையே வராது. கடைக்காரர் தன் மெஷினில் போட்டுக் காட்டியபோது அது நன்றாகத்தான் ஓடியது, அக்கா வீட்டில் ஓடவில்லை. நல்ல வேளை, பில்லின் பின்னால் 7 நாளில் மாற்றித் தருவதாக எழுதி வாங்கியிருந்தேன். பழைய ரேம் வாங்கினால் நீங்களும் அப்படி எழுதி வாங்குங்கள். ஜி31 போர்டு என்றால் மொத்தமே 4 ஜிபிதான் எடுக்கும், அதற்கு மேல் வாங்கி என்ன பயன்?

புதுப் பொருள் வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கத்திலேயே கிடைக்கும். பழைய டிடிஆர்2 மாதிரிச் சாமான் இங்கே கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருதான். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

எஸ்எஸ்டிக்கு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், அதில் சீரியல் எண் இருக்க வேண்டும். வாரண்டி கேட்கும்போது அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். வழவழப்பான தாளில் அடித்த பில் ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே பில்லையும் எஸ்எஸ்டியின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

5. பேக்அப் எடுக்காமல் ஒரு அடியும் நகராதீர்கள்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டி டிரைவ் எல்லாம் நினைவுக்கு வரும். மறந்துபோவது வேறு சில. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். பத்திரம், பட்டா, டிசி ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டர், இது ஸ்கேனர் தானாக உருவாக்கிய ஏதோ ஒரு பெயரில் இருக்கும். ப்ராட்பேண்டுக்கு யூசர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இணைக்கிறவர்கள் அதையும் நோட்டில் எழுதுங்கள். இந்தப் பெட்டியில் டேலி இருந்தால், அழிக்கும் முன் லைசென்ஸை சரண்டர் செய்ய வேண்டும். செய்யாமல் ஃபார்மட் அடித்துவிட்டு வேறு மெஷினில் போடப் போனால் சிக்கல்.

இன்னொன்று தமிழ் ஃபான்ட். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த கல்யாணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம், வினாத்தாள் எல்லாம் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள தமிழ் ஃபான்ட்களைக் காப்பி செய்துவிடுங்கள். லினக்ஸில் அந்த ஃபைலை இரண்டு முறை க்ளிக் செய்து நிறுவினால் பழைய ஃபைல்கள் மறுபடி தமிழில் திறக்கும்.

விண்டோஸே எழவில்லை என்றால் பயப்பட வேண்டாம். படி 6-ல் செய்யும் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, அதிலிருந்தே ஹார்ட் டிஸ்கைத் திறந்து காப்பி எடுக்கலாம்.

6. லினக்ஸை இறக்கி பென்டிரைவில் ஏற்றுங்கள்

மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏறக்குறைய 3 ஜிபி வரும். தினம் 1.5 ஜிபி டேட்டா பேக்கில் போனில் இறக்கப் பார்த்தால் நடுவில் அறுந்துவிடும், அரைகுறை ஃபைலை முழு ஃபைல் என்று நினைத்து ஏற்றிவிடுவீர்கள். ஃபைபர் இருக்கும் வீட்டில் இறக்குங்கள். மின்ட் தளத்திலிருந்தே எடுங்கள், வேறு எங்கிருந்தோ கிடைக்கிற ஃபைல் வேண்டாம்.

ஏற்றுவதற்கு ரூஃபஸ் என்ற சின்ன இலவசப் புரோகிராம் உண்டு. இப்போதைய ரூஃபஸ் விண்டோஸ் 7-ல் ஓடாது. அதனால் பென்டிரைவை வேறு யாராவது வீட்டு விண்டோஸ் 10, 11 மெஷினில் தயார் செய்துகொள்ளுங்கள். ரூஃபஸில் ஃபைலைத் தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்தில் ஒரு டிக் குறி பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் எஸ்எச்ஏ256 என்று நீளமான எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்தும் ஒத்துப்போனால் இறக்கியது சரியாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டார்ட் அழுத்தும் முன் மற்ற எல்லா பென்டிரைவையும் கழற்றிவிடுங்கள். நான் பேக்அப் எடுத்த 32 ஜிபி பென்டிரைவும் செருகியிருந்தது. பெயரைப் பார்க்காமல் அதையே தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டேன். அக்கா மகளின் காது குத்துப் படங்கள் உட்பட மொத்த பேக்அப்பும் ஒரு நிமிடத்தில் காணாமல் போனது. மூலப் படங்கள் பழைய ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருந்ததால் தப்பித்தேன். மறுபடி காப்பி எடுக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

7. நிறுவாமல் ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள்

பென்டிரைவைப் பின்பக்க யுஎஸ்பியில் செருகுங்கள். முன்பக்க முனைகள் பழைய பெட்டிகளில் லூசாக இருக்கும். ஆன் செய்த கையோடு, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், கிகாபைட் எஃப்12. எச்பி எஃப்9 அல்லது எஸ்கேப். அசூஸ் எஃப்8. எம்எஸ்ஐ எஃப்11. இன்டெல் போர்டு எஃப்10. கீபோர்டே வேலை செய்யவில்லை என்றால் வட்ட முனை வைத்த பழைய பிஎஸ்/2 கீபோர்டை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள்.

பூட் மெனுவில் பென்டிரைவ் பெயரே வரவில்லையா? எனக்கு இரண்டாவது ஞாயிறு இதிலேயே போனது. பழைய பயாஸ்கள் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) பென்டிரைவைத் தனியாகக் காட்டாது, ஹார்ட் டிஸ்க் என்ற தலைப்புக்குள்ளே ஒளித்து வைத்திருக்கும். பூட் மெனுவில் ஹார்ட் டிஸ்க் வரியில் என்டர் தட்டிப் பாருங்கள், அல்லது டெலீட் கீயால் பயாஸுக்குள் போய் ஹார்ட் டிஸ்க் பூட் ப்ரையாரிட்டி என்ற இடத்தில் பென்டிரைவை மேலே ஏற்றுங்கள்.

மின்ட் மெனு வந்ததும் முதல் வரியில் என்டர். கறுப்புத் திரையாகவே நின்றால், மறுபடி ஆன் செய்து அதே மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோடு என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் பெட்டிகளில் இது தேவைப்படும். மெமரி டெஸ்ட் என்ற வரியும் இருந்தால், பழைய ரேம் போட்டவர்கள் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். சிவப்பாக ஒரு வரி வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

இப்போது லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது, ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறவில்லை. வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பென்டிரைவ் மெதுவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது, உங்கள் சாமான்கள் ஓடுகின்றனவா என்பதைத்தான். ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா? பிரின்டரைச் செருகினால் தெரிகிறதா? உங்கள் பழைய வேர்டு ஃபைல் ஒழுங்காகத் திறக்கிறதா? மானிட்டரில் எழுத்து கோணலாக இல்லாமல் இருக்கிறதா?

டெஸ்க்டாப்பில் வைஃபை இருக்காது. அதற்கென்று டாங்கிள் வாங்கப் போகாதீர்கள், எல்லா டாங்கிளும் லினக்ஸில் ஓடுவதில்லை. போனை சார்ஜர் கேபிளால் பெட்டியோடு இணைத்து, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். சில விநாடியில் நெட் வந்துவிடும். வீட்டு வைஃபையில் போன் இருந்தால் அந்த நெட்டே பெட்டிக்கும் போகும், டேட்டா தீராது.

என் மாமா பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாப்பா, வெறும் பென்டிரைவ்லயே இவ்ளோ ஓடுதா?" என்று கேட்டார். அந்த மாலைதான் லேப்டாப் பேச்சை விட்டார்.

8. நிறுவுதல்

நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். யுபிஎஸ் இல்லாத வீடு என்றால் மழை, இடி இல்லாத நாளில் காலையிலேயே தொடங்குங்கள். நடுவில் கரன்ட் போனால் மெஷின் கெடாது, ஆனால் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எஸ்எஸ்டியை மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இந்த வரியை வையுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் நிறுவும்போது இரண்டு டிஸ்கையும் எழுத்தும் எண்ணுமாகக் காட்டும், எது எது என்று குழம்பும். கழற்றி வைத்துவிட்டால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் உங்கள் படங்களுக்கு ஆபத்தில்லை. எஸ்எஸ்டியை மாட்ட ஸ்க்ரூ பொருந்தவில்லை என்றால் இருபக்க டேப் போட்டு ஒட்டினாலே போதும், உள்ளே சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை.

பென்டிரைவிலிருந்து மறுபடி பூட் செய்து, திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை அழுத்துங்கள். மொழி ஆங்கிலமே இருக்கட்டும். தமிழைத் தேர்ந்தெடுக்க எனக்கும் ஆசைதான், ஆனால் மொழிபெயர்ப்பு அரைகுறையாக இருக்கிறது, உதவி தேடும்போதும் ஆங்கில மெனுப் பெயர்தான் கைகொடுக்கும். கீபோர்டு இங்கிலீஷ் யுஎஸ். இங்கே தமிழ் கீபோர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்னால் பாஸ்வேர்டு அடிக்கவே முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். மல்டிமீடியா கோடெக் கேட்டால் டிக் செய்யுங்கள், வீடியோ ஓட அது வேண்டும். பிறகு டிஸ்கை அழித்து நிறுவு என்ற வரி. நேரப் பகுதி கொல்கத்தா. யூசர் பெயர் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். பாஸ்வேர்டை நோட்டில் எழுதுங்கள், மறந்தால் ஒரு புது மென்பொருள்கூட நிறுவ முடியாது.

எஸ்எஸ்டியில் எனக்கு 20 நிமிடம் ஆனது. முடிந்ததும் பென்டிரைவை எடுக்கச் சொல்லும், எடுத்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

9. முதல் ஒரு மணி நேரம்

முதலில் அப்டேட் மேனேஜர். பக்கத்து சர்வருக்கு மாறட்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். அப்டேட் பல நூறு எம்பி வரும், வீட்டு வைஃபையில் செய்யுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற புரோகிராமில் ஒரு முறை ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் இன்றைய நிலைக்குத் திரும்பலாம்.

அடுத்து தமிழ். தமிழ் படிக்க எதுவும் செய்ய வேண்டாம், எழுத்துரு கூடவே வருகிறது. டைப் அடிப்பதில்தான் ஒரு பொறி. கீபோர்டு செட்டிங்கில் தமிழ்நெட் 99 என்ற பெயரிலேயே சில அமைப்புகள் தெரியும். டாப், டிஸ்கி என்று ஒட்டியிருப்பவை யூனிகோடு அல்ல, தொடாதீர்கள். மற்றதில் எழுத்து வரும், ஆனால் தமிழ்99 பழகியவர்கள் எதிர்பார்க்கும் தானியங்கிப் புள்ளி வராது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதைத் தேடி நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை லாக்-அவுட் செய்துவிட்டு வாருங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் என்று கேட்கும், பழகினதை எடுங்கள். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும். லாக்-அவுட் செய்ய மறந்தால் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும், நிறுவல் தப்பு என்று நினைத்து மறுபடி மறுபடி செய்யாதீர்கள்.

சத்தம் வரவில்லை என்றால் வால்யூம் ஐகானில் அவுட்புட் எதற்குப் போகிறது என்று பாருங்கள். கோர் 2 டியோவில் யூடியூப் 480-ல் சுகமாக ஓடும். 1080 வைத்தால் விட்டு விட்டு ஓடும், அது லினக்ஸின் குறை அல்ல. பிரவுசரில் ஐந்தாறு டேபுக்கு மேல் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

10. பழைய ஹார்ட் டிஸ்கை ஒரு மாதம் தொடாதீர்கள்

எல்லாம் ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் அதை உடனே ஃபார்மட் அடிக்க வேண்டாம். ஒரு துணிப் பையில் போட்டு பீரோவில் வைத்தோம். அந்த ஒரு மாதத்தில் அக்கா இரண்டு முறை அதைக் கேட்டார். முதல் முறை வீட்டு வரி ரசீதின் ஸ்கேன். இரண்டாவது, மாமா 2013-ல் பாமினியில் அடித்து வைத்த ஒரு கடிதம். இரண்டுமே என் பேக்அப்பில் இல்லை, சி டிரைவில் நான் பார்க்காத ஒரு ஃபோல்டரில் இருந்தன. மாதம் முடிந்ததும் எஸ்எஸ்டிக்குப் பக்கத்திலேயே அதன் சாட்டா கேபிளை மறுபடி செருகினேன். மின்ட் திரையில் 320 ஜிபி என்று தனி ஐகானாக வந்து நின்றது. டிஸ்க்ஸ் என்ற புரோகிராமில் அதன் உடல்நிலையைப் பார்த்தேன், பேட் செக்டர் எதுவும் இல்லை. இப்போது படங்கள் அதில் இருக்கின்றன, இன்னொரு காப்பி என்னிடம் சத்துவாச்சாரியில் இருக்கிறது.